சூடு தணியாத சிவப்புக் கார்

இந்தக் கதையைப் பொள்ளாச்சிப் பக்கம் சொல்பவர்கள் கார் நீலம் என்பார்கள். அவினாசிப் பக்கம் சொல்பவர்கள் சிவப்பு என்பார்கள். வேறுபாடு நிறத்தில்தான். கதையில் வரும் மூன்று அண்ணன் தம்பிகளின் அறிவைப் பற்றி எந்தப் பக்கத்திலும் இரண்டாம் கருத்து இல்லை. சிவப்பு என்பவர்களே அதிகம் என்பதால் நாமும் சிவப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

மில் முதலாளி வெங்கிடபதி பழைய கார்களைச் சேர்ப்பவர். கொட்டகை நிறையக் கார்கள் இருந்தாலும், அவர் உயிர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின்மேல்தான் இருந்தது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய அந்தக் காருக்கு வேகத்தைக் கூட்டும் டர்போ பொருத்தி, கதவுகளைச் சிறகுபோல் மேலே தூக்கித் திறக்கும்படி மாற்றியிருந்தார். அது புறப்படும் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து எருமைகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

கொட்டகையைக் கவனித்துக்கொண்டவர் நாச்சிமுத்து. அவருக்குத் துளசிமணி என்று ஒரே மகள். காங்கயத்திலிருந்து பெண் பார்க்க வந்த தங்கமுத்து, பெண்ணைப் பார்ப்பதற்கு முன் வழியில் அந்தக் காரைப் பார்த்துவிட்டார். "பொண்ணு பிடிச்சிருக்குதுங்க. அந்தக் கார்ல என்னைக் கூட்டிட்டுப் போனீங்கன்னா தாலி கட்டறேன்" என்றார். இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, கூட வந்த மாமன் சொன்னார்: "வந்த வழியே போயிருவோம்."

நாச்சிமுத்து முதலாளியிடம் போய் ஒரு நாளைக்குக் காரைக் கேட்டார். முதலாளி வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"எடுத்துக்கோ. ஆனா நாலு விஷயம். இன்ஜின் சில்லுன்னு இருக்கறப்ப வண்டியை நகர்த்தாதே. டயர்ல பொட்டு மண்ணு ஒட்டக் கூடாது. இன்ஜின் ஓடறப்ப கதவைத் தூக்காதே, அதிர்வுல கழண்டுரும். போய்ச் சேர்ந்ததும் உடனே அணைச்சிராதே. டர்போ கொதிச்சுக் கிடக்கும். சூடு தணிஞ்சப்புறம்தான் அணைக்கணும். இதுல ஒண்ணு தப்பினாலும் எனக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் இந்தக் கொட்டகைப் பக்கமே நீ வர வேண்டாம்."

சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

நாச்சிமுத்து தம்பிகள் ஆறுக்குட்டியையும் திம்மணனையும் கூட்டி வைத்து, நான்கு விஷயங்களையும் சோறு பிசைவதுபோல் பிசைந்து ஆராய்ந்தார். இன்ஜின் ஓடத் தொடங்கியபின் கதவைத் திறந்து மாப்பிள்ளையை ஏற்ற முடியாது. ஆகவே கொட்டகையிலேயே மாப்பிள்ளை அழைப்பு என்று முடிவாயிற்று. அதுவரை எல்லாம் சரியாகவே போயிற்று என்று சொல்ல வேண்டும்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் தங்கமுத்து பட்டு வேட்டியோடு காரில் அமர்ந்தார். நாச்சிமுத்து ஸ்டியரிங் பிடித்தார். ஆறுக்குட்டி மூடியைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணா, சில்லுன்னுதான் இருக்குது."

"அப்ப நகர்த்தக் கூடாது. சூடு பண்ணுங்க."

"எப்படிங்ணா?"

"ஒத்தடம் குடுங்கடா."

திம்மணன் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி இன்ஜினுக்கு ஒத்தடம் கொடுத்தான். ஆறுக்குட்டி தன் கம்பளியைப் போர்த்தினான். ஒரு பக்கம் சூடேறினால் மறுபக்கம் ஆறியது. மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "அடியில இன்னும் நல்லாக் குடுங்க" என்று யோசனை சொன்னார். நாச்சிமுத்துவுக்கு மனம் குளிர்ந்தது. இப்படிப்பட்ட மருமகன் யாருக்குக் கிடைப்பான்?

கடைசியில் இன்ஜின் வெதுவெதுப்பானது. கம்பளியை எடுத்தார்கள், கார் உறுமியது, எருமைகள் தங்கள் கடமையைச் செய்தன.

அடுத்தது மண். திம்மணன் கல்யாண மண்டபத்திலிருந்து இரண்டு ஜமுக்காளம் கொண்டுவந்திருந்தான். ஒன்றை விரித்தார்கள், கார் ஏறி நின்றது. மற்றொன்றை அதன் முன்னே விரித்தார்கள். கார் அதற்கு மாறியது. பின்னதைச் சுருட்டி முன்னே கொண்டு ஓடினார்கள். ஜமுக்காளம் நான்கு என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வேகத்துக்கு நான்கு இருந்திருக்க முடியாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகப் பிறந்த வண்டியை ஒரு நொண்டி ஆடு முந்திச் சென்று, திரும்பி நின்று பார்த்தது. மேளக்காரர்கள் மண்டபத்துக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு, கார் எங்கே என்று தேடிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

முகூர்த்தம் முடியச் சற்று முன்பு கார் மண்டப வாசலை அடைந்தது. டயரில் மண் இல்லை. நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார்.

"தம்பி, தொட்டுப் பாரு. தணிஞ்சுதா?"

ஆறுக்குட்டி தொட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டான். "சுடுதுங்ணா."

"அப்ப அணைக்கக் கூடாது. இருப்போம்."

இருந்தார்கள். இன்ஜின் ஓடியது. மறுபடி தொட்டான், முன்னைவிடச் சுட்டது. திம்மணன் பனைவிசிறியால் விசிறினான். சுக்குக் கஷாயம் வைக்கலாமா என்று கேட்டான். காய்ச்சலுக்குத்தான் கஷாயம், சூட்டுக்கு இளநீர் என்று ஆறுக்குட்டி திருத்தினான்.

சடங்கு நடத்த வந்த அருமைக்காரர் வாசலுக்கு ஓடிவந்தார். "நாச்சிமுத்து, நேரம் ஓடுது. மாப்பிள்ளையை இறக்கு."

"கதவைத் திறக்கக் கூடாதுங்க. இன்ஜின் ஓடுது."

"அப்ப அணை."

"அணைக்கக் கூடாதுங்க. சூடா இருக்குது."

"ஏன் சூடா இருக்குது?"

"ஓடுதுல்லங்க."

அருமைக்காரர் எத்தனையோ கல்யாணம் நடத்தியவர்; எங்கே பேச வேண்டும், எங்கே வேலையைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர். "பொண்ணை வெளியே கூட்டிட்டு வாங்க" என்றார்.

மணவறை வாசலுக்கு வந்தது. நாச்சிமுத்து வலப்பக்கக் கண்ணாடி வழியே கையை வெளியே நீட்டி, அங்கே பிடித்த தாம்பாளத்தில் தாரை வார்த்தார். சீட்டில் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. துளசிமணி இடப்பக்கத்தில் குனிந்து தலையை உள்ளே நீட்டினாள். இன்ஜின் சத்தத்தில் கெட்டிமேளம் யாருக்கும் கேட்கவில்லை. திம்மணன் விசிறியை ஆட்டிச் சைகை காட்ட, தங்கமுத்து தாலி கட்டினார். மணமக்கள் மணவறையைச் சுற்ற வேண்டிய கட்டத்தில், மணமகள் மட்டும் காரைச் சுற்றி வந்தாள். பந்தியில் மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் இலை மடியிலேயே போடப்பட்டது. ஊரார் மொய் எழுதிவிட்டுப் போனார்கள். ஆறுக்குட்டி கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் வாங்கப் போனான்.

நாச்சிமுத்துவுக்கு மனம் நிறைந்திருந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. நான்கில் மூன்று விஷயம் காப்பாற்றியாயிற்று. நாலாவதுதான் பாக்கி.

"எத்தனை நேரம் ஆகும் மாமா?" என்றார் தங்கமுத்து பாயசத்தை உறிஞ்சியபடி.

"தணிஞ்சிரும் மாப்பிள்ளை. நல்ல வண்டி."

அந்த நேரத்தில் கார் இரண்டு முறை விக்கி, ஒருமுறை குலுங்கி, தானாகவே நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. காலையிலிருந்து முதன்முறையாகக் குருவிச் சத்தம் கேட்டது.

தங்கமுத்து கதவை மேலே தூக்கினார். மரத்துப்போன ஒரு காலை வெளியே வைத்தார். துளசிமணி கை கொடுக்க வந்தாள்.

தெருமுனையில் ஆறுக்குட்டி கேனோடு தலைதெறிக்க ஓடிவருவது தெரிந்தது. "அண்ணா, இன்னும் சுடுதுல்ல? தணியறதுக்குள்ள நின்னு போச்சே. நல்லவேளை வந்துட்டேன்."

நாச்சிமுத்து சங்கடத்தோடு மருமகனைப் பார்த்தார். மறுபடி உள்ளே உட்காரும்படி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சொல்லத் தேவை இருக்கவில்லை. தங்கமுத்து வெளியே வைத்த காலைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். துண்டால் நன்றாகத் துடைத்துக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சீக்கிரம் ஊத்துங்க சின்ன மாமா" என்று சொல்லிவிட்டு, கதவைத் தன் கையாலேயே இறக்கிச் சாத்தினார்.