குக்கர் வெயிட்டின் பொன்னாசை

முன்னொரு காலத்தில் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் பிரஷர் குக்கர் கிடையாது. ஆகவே சமீபத்தில், கோயம்புத்தூரில், நித்திலா என்ற பெண்ணின் நகைப்பட்டறைக்கு ஒரு குக்கர் வெயிட் வந்து சேர்ந்தது. வெயிட்டுக்கு நல்ல தமிழில் பெயர் கிடையாதா என்று கேட்கலாம். ‘அழுத்தக்கலப் பளு’ என்று வைக்கலாம்தான். வைத்தால் பருப்பு வேக மறுத்துவிடும்.

நித்திலாவின் பட்டறைக்கு ஒரு நியமம் உண்டு. மண்ணைத் தோண்டி எடுத்த புதுப்பொன்னும் புதுக்கல்லும் உள்ளே வரக் கூடாது. வீடுகளில் கழித்துப் போட்டவைதான் நகையாகும். கொண்டு வருகிறவர் அந்தப் பொருளின் கதையைச் சொல்ல வேண்டும்.

வெயிட்டைக் கொண்டுவந்த பூங்கோதை மட்டும் கதை சொல்லவில்லை.

“இதைக் கழுத்துல போடற மாதிரி பண்ணிக் குடு கண்ணு. கல்யாண நாளுக்குப் போட்டுக்கோணும்.”

“இதுக்கு என்ன கதைங்கக்கா?”

பூங்கோதை தன் கணவர் வெள்ளியங்கிரியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார்.

“குக்கர் போயிருச்சு, இது இருக்குது. மத்ததெல்லாம் வூட்டு விஷயம்.”

அவர்கள் போனதும் தட்டில் கிடந்த மற்ற பொருட்கள் வெயிட்டைச் சூழ்ந்துகொண்டன.

“நான் வளைகாப்பன்று உடைந்தவள்” என்றது கண்ணாடி வளையல் துண்டு.

“நான் முகூர்த்தச் சேலையில் இருந்தவன்” என்றது ஜரிகை நூல். “நீ?”

“நான்... சமையலறை.”

“கதையில்லாதவர்களுக்கு இங்கே இடமில்லையப்பா. நேரே காயலான் கடைதான்.”

வெயிட் தன் ஒரு பக்கத்தைத் தட்டோடு ஒட்டி மறைத்துக்கொண்டது. அதைத் தட்டின் ஓரத்தில் கிடந்த கொட்டாங்குச்சி பார்த்துவிட்டது.

“இடுப்பில் என்ன பள்ளம்?”

“விழுந்துவிட்டேன்.”

“எங்கிருந்து எங்கே?”

“அடுப்படியிலிருந்து... கூடத்துக்கு.”

“தென்னை மரத்திலிருந்து விழுந்த அனுபவத்தில் சொல்கிறேன்” என்றது கொட்டாங்குச்சி. “விழுவது என்றால் மேலிருந்து கீழே. இப்படிக் குறுக்கே போவதற்கு வேறு பெயர்.”

வேறு வழியில்லாமல் வெயிட் ஒப்புக்கொண்டது. ஒருநாள் வெள்ளியங்கிரி சாப்பிட்டுக்கொண்டே, “எங்கம்மா வெச்ச சாம்பாரு மாதிரி வராது” என்றார். அடுத்த கணம் வெயிட் அவர் காதை உரசிப் பறந்து சுவரில் மோதியது. அவர் எழுந்து, வெயிட்டை எடுத்துத் துடைத்து, மனைவியிடம் நீட்டி, “குறி தப்பிருச்சு” என்றார். பூங்கோதை விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். அவருக்கும் சிரிப்பில் புரையேறியது. அன்றிலிருந்து மாமியார் சாம்பார் அந்த வீட்டில் பேச்சுக்கு வரவில்லை.

“அட, இதுவல்லவோ கதை!” என்று கூவியது கொட்டாங்குச்சி.

“இதுவா? வெட்கக்கேடு! ஆவியை அடக்கி வைப்பது என் தொழில். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அடக்கம் தவறினேன். அதைக் கழுத்தில் தொங்கவிட்டு ஊருக்குக் காட்டுவதா?”

மறுநாள் நித்திலா அரத்தைக் கையில் எடுத்தாள். அரம் நினைத்தால் ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அது அரங்களின் தொழில் ரகசியம்.

“பள்ளத்தை விட்டுவிடட்டுமா?” என்று அரம் கேட்டது.

“சுவடே தெரியாமல் ராவி எடு” என்றது வெயிட்.

“வேண்டாம், கேள்!” என்றது கொட்டாங்குச்சி.

யார் கேட்டார்கள்? அரம் ராவியது, உப்புத்தாள் தேய்த்தது. மேல்முலாம் உதிர்ந்து உள்ளிருந்த பித்தளை தகதகவென்று எழுந்தது. “தங்கமேதான்!” என்று வளையல் துண்டு பொருமியது. ஒரு பட்டுக்கயிறும் சேர்ந்ததும் வெயிட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாண நாளன்று இருவரும் வந்தார்கள். பூங்கோதை பதக்கத்தைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவினாள். திருப்பித் தடவினாள். எதையோ தேடினாள்.

“இது எங்களுதில்ல கண்ணு. மாறிப் போச்சு.”

“இதேதானுங்கக்கா. ஒரு பள்ளம் இருந்துச்சு, அதை ராவி எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா!” பூங்கோதையின் முகம் வாடியது. “அந்தப் பள்ளத்துக்குத்தானே இதை இத்தனை வருசமா வெச்சிருந்தேன். வெறும் பித்தளை எனக்கெதுக்கு? காயலான் கடைக்கே போட்டுரு.”

வெயிட்டுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எத்தனையோ வருஷத்துக் கொதிப்பைத் தாங்கியிருக்கிறது. இந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. பளபளப்பு முழுவதும் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

வெள்ளியங்கிரி சமாதானத்துக்கு வந்தார். நல்ல மனிதர். ஆனால் சமாதானம் பேசத் தெரியாதவர்.

“உடு பூங்கோதை. நல்லாத்தானே மின்னுது? எங்கம்மா போட்டிருந்த காசுமாலை மாதிரி வராது, இருந்தாலும்...”

இருந்தாலும் என்ன என்பதை உலகம் இன்றுவரை அறியவில்லை.

வெயிட் பறந்தது. பின்னால் பட்டுக்கயிறு வாலாக ஆட, அவர் காதை உரசிக்கொண்டு போனது. அடக்கம், தொழில், மானம் எல்லாம் மறந்து, எந்த ஆவியின் தயவும் இல்லாமல் ஒரு விசிலும் அடித்தது. நித்திலா மேசைக்கடியில் குனிந்தாள். ‘டங்’ என்று சுவர் அதிர்ந்தது.

வெள்ளியங்கிரி மெதுவாகப் போய், பதக்கத்தை எடுத்து, வேட்டி முனையில் துடைத்து நீட்டினார்.

“இப்பவும் குறி தப்பிருச்சு.”

பூங்கோதை உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இது எங்களுதுதான் கண்ணு” என்று சொன்னவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

கழுத்தில் ஏறிய வெயிட், பள்ளம் விழுந்த பக்கம் ஊருக்குத் தெரியும்படி, தானாகவே திரும்பிக்கொண்டது.