மஞ்சள் பொட்டு வைத்த பனிமணி

மரமெல்லாம் பனிக்குல்லாய் போட்டுக்கொண்டு நிற்கிற மலை ஒன்று முன்னொரு காலத்தில் இருந்ததாம். அந்த மலைமேல் ஒரு காட்டில், ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தது. அதற்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். காற்று வந்து ஓர் இலையை அசைத்தால்கூட, "யாரது? எதுக்கு வந்தே?" என்று முள்ளை விரித்துக்கொண்டு நிற்கும். காற்று என்ன பதில் சொல்லும், பாவம்.

அந்தக் காட்டில் பனிமணி என்று ஒரு பூ உண்டு. குளிர்காலம் முடிகிற சமயத்தில், தரையில் பனி கரையாமல் கிடக்கும்போதே அதைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். விரல் உயரம்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்று, மணி மாதிரி தலையைக் கவிழ்த்துத் தொங்கும்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பூ மாதிரிதான் தெரியும். கிட்டே போய், வயிறு தரையில் படப் படுத்து, பூவை மூக்கால் மெல்ல நிமிர்த்தினால்தான் உள்ளே இருக்கிற அழகு தெரியும். உள்ளிதழில் பச்சைப் பொட்டு வைத்திருக்கும். ஒரு சாதிக்கு ஒற்றைப் பொட்டு. இன்னொரு சாதிக்கு எறும்பு நடந்துபோன தடம் மாதிரி கோடு. வேறொன்றுக்குப் பாவாடைமேல் பாவாடை கட்டியதுபோல் இதழுக்குள் இதழாக அடுக்கு.

காட்டு விலங்குகள் எல்லாம் வளை வாசலில் சின்னத் தோட்டம் போட்டு, விதவிதமான பனிமணிகளை வளர்த்தன. பூக்கிற நாட்களில் ஒருவர் தோட்டத்தை ஒருவர் போய்ப் பார்ப்பது வழக்கம். பார்க்க வந்தவரை வெறுங்கையோடு விடுவதில்லை. பூ வாடியதும், இலை பச்சையாக இருக்கும்போதே ஒரு செடிக்கொத்தை, அதாவது ஒரு தூரை, கிழங்கோடு பெயர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும். இலையும் காய்ந்துபோனால் கிழங்கு மண்ணுக்குள் எங்கே தூங்குகிறது என்று தோட்டக்காரருக்கே தெரியாது. அதனால்தான் அந்த அவசரம்.

ஒரு வருஷம், பார்க்க வருகிற நாளின் காலையில், முள்ளம்பன்றி தன் தோட்டத்தைச் சுற்றிவந்தது. ஒரு தூரில் இருந்த பூவைப் பார்த்ததும் நின்றது. படுத்து, மூக்கால் நிமிர்த்தியது. பச்சைப் பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பொட்டு. மஞ்சள் என்றால் முட்டைக்கரு மஞ்சள்.

அந்தக் காடு அப்படி ஒரு பூவைப் பார்த்ததே இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஊரையே கூட்டியிருக்கும். முள்ளம்பன்றி முதலில் நாலு பக்கமும் பார்த்தது.

"எவனாவது பார்த்திருப்பானோ?"

எங்கோ ஒரு மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. "இந்த நேரம் பார்த்து அது ஏன் தட்டுது? யாருக்குச் சேதி சொல்லுது?" என்று முள்ளம்பன்றி யோசித்தது. பிறகு சட்டென்று மஞ்சள் பூவைக் கிள்ளிப் பனிக்குள் புதைத்தது. "கிழங்கு பத்திரமா இருந்தாப் போதும். அடுத்த வருஷம் நான் மட்டும் பார்த்துக்கறேன்." புதைத்த இடத்தை யாராவது கிளறிவிட்டால்? அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் முயலும் குரங்கும் பூப் பார்க்க வந்தன. முயல் வெள்ளந்தி. குரங்குக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன முள்ளண்ணே, வந்தவங்களை உட்கார்ந்தபடியே வரவேற்கறீங்க, கால்ல வலியா?" என்றது குரங்கு.

"உட்காரணும்னு தோணுச்சு, உட்கார்ந்தேன். பார்க்க வந்தவங்க பார்த்துட்டுப் போங்க."

முயல் ஒரு தூரின் பக்கத்தில் வயிறு படப் படுத்தது.

"அங்கே என்ன தோண்டறே?"

"தோண்டலை அண்ணே. படுத்தாத்தானே பொட்டு தெரியும்?"

"கொஞ்சம் தள்ளிப் படு. உன் மூச்சுக்காத்து கிழங்குல படுது."

"கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு. மூச்சு எப்படிப் போய்ப் படும்?" என்று குரங்கு சிரித்தது.

"எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? வந்து அளந்து பார்த்தியா?"

குரங்கு வாயைப் பொத்திக்கொண்டது. முயலோ ஒவ்வொரு பூவாக நிமிர்த்திப் பார்த்து மகிழ்ந்துகொண்டே வந்தது. "இது ஒற்றைப் பொட்டு. இது எறும்புத் தடம். அடடா, இந்த அடுக்கு எவ்வளவு அழகு." பிறகு பூ இல்லாத தூருக்கு வந்து நின்றது.

"அண்ணே, இதுல மட்டும் பூவைக் காணோமே?"

முள்ளம்பன்றியின் முதுகில் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு நின்றன.

"அது பூக்காத சாதி."

"பூக்காத பனிமணியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"இப்போ கேட்டுட்டே இல்ல? போதும், கிளம்பு."

"சரிண்ணே. பூ வாடினதும் வரேன். எந்தத் தூரா இருந்தாலும் சரி, எனக்கு ஒண்ணு கொடுங்க" என்று சொல்லிவிட்டு முயல் குரங்கோடு போனது.

முள்ளம்பன்றிக்கு அந்தப் பேச்சு உள்ளே போய்க் குடைந்தது. "எந்தத் தூரா இருந்தாலும் சரியாமே. எதுவும் சரின்னு சொல்றவளுக்கு ஒண்ணுமேலதான் கண்ணு. இத்தனை பூ இருக்க, பூ இல்லாததைப் பத்தி ஏன் கேட்டா? ஒண்ணு மட்டும் மொட்டையா நிக்கறதாலதானே சந்தேகம் வருது? எல்லாமே மொட்டையா நின்னா?"

உடனே தோட்டத்தில் இருந்த அத்தனை பூக்களையும் கிள்ளிப் போட்டது. ஒற்றைப் பொட்டு, எறும்புத் தடம், அடுக்கு எதையும் விடவில்லை. இப்போது தோட்டம் முழுக்க வெறும் பச்சை இலைதான். பூ இல்லாவிட்டால் எல்லாப் பனிமணியும் ஒரே மாதிரி இலைதான், பிள்ளைகளே.

அப்படியும் அதற்கு மனம் அடங்கவில்லை. "அது எந்த இடத்துல நின்னுச்சுன்னு முயல் பார்த்து வச்சிருக்காளே." மறுநாள் மூடுபனி இறங்கியதும் மஞ்சள் தூரைப் பெயர்த்து, வேலி ஓரமாக நட்டது. வேலி ஓரத்தில் நின்றதைக் கொண்டுவந்து நடுவில் நட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் மண் கிளறியது காட்டிக்கொடுத்துவிடும் என்று, எல்லாவற்றையுமே இடம் மாற்றி மாற்றி நட்டது. பிறகு ஏதோ தோன்றி மஞ்சள் தூரை வேலி ஓரத்திலிருந்தும் எடுத்து, இன்னும் உள்ளே தள்ளி நட்டது.

"அடையாளத்துக்குப் பக்கத்துல என் முள்ளு ஒண்ணைக் குத்தி வைக்கலாமா?" என்று யோசித்தது. "வேண்டாம். எனக்கு அடையாளம்னா திருடனுக்கும் அதுதானே அடையாளம்."

அன்றைக்குப் பனி கொட்டியது. கிளறிய தடமெல்லாம் மூடிப்போனது. முள்ளம்பன்றி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

சில நாள் கழித்து முயலும் குரங்கும் வந்தன.

"தூர் வாங்க வந்தேன்ணே" என்றது முயல்.

குரங்கு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. "அதுக்குள்ள ஒரு பூகூட இல்லையே. முள்ளண்ணே வீட்டுப் பனிமணிக்கு எல்லாரையும்விட அவசரம் போல."

முள்ளம்பன்றி கணக்குப் போட்டது. கொடுக்க மாட்டேன் என்று சொன்னால், இங்கே ஏதோ இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். தாராளமாகக் கொடுத்தால் சந்தேகமே வராது. எதைக் கொடுப்பது? இதுவா? இல்லை, இதைத்தான் கடைசியாக நட்டோமோ? அதுவா? அதன் இலை கொஞ்சம் அகலமாக இருக்கிறதே. தூருக்குத் தூர் போய் முகர்ந்து பார்த்தது. எல்லாம் மண்வாசனைதான். குரங்கு தன்னையே பார்ப்பது தெரிந்ததும், இனியும் தடுமாறக் கூடாது என்று கைக்கு வந்த தூர் ஒன்றை முழுசாகப் பெயர்த்தது.

"இந்தா, ஒற்றைப் பொட்டு. சாதாரணச் சாதிதான். முழுசா எடுத்துக்கோ."

"முழுத் தூருமா? ரொம்பப் பெரிய மனசு அண்ணே உங்களுக்கு" என்று முயல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டது.

"சீக்கிரம் கிளம்பு. வழியில எங்கேயும் நிக்காதே."

அதற்குப் பிறகு வெயில் வந்தது, மழை வந்தது, மறுபடி குளிர் வந்தது. முள்ளம்பன்றி தோட்டத்தை விட்டு எங்கும் போகவில்லை. இரை தேடப் போனாலும் பாதி வழியில் திரும்பி ஓடிவரும். காய்ச்சல் கண்டவன் மாதிரி இளைத்துப்போனது. "இருக்கட்டும். மஞ்சள் பொட்டு எங்கிட்டதானே இருக்கு" என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும்.

குளிர்காலம் முடிகிற சமயம் பனியைத் துளைத்துக்கொண்டு பூக்கள் வந்தன. முள்ளம்பன்றி ஒன்றுவிடாமல் படுத்துப் படுத்து நிமிர்த்திப் பார்த்தது. பச்சை. பச்சை. எறும்புத் தடம். பச்சை. அடுக்கு. கடைசித் தூர்வரைக்கும் பார்த்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து பார்த்தது.

மஞ்சளைக் காணோம்.

முள்ளை விரித்துக்கொண்டு நேராக முயல் வளைக்கு ஓடியது. அங்கே வாசலில் முயலும் குரங்கும் வயிறு படப் படுத்துக் கிடந்தன. அவற்றின் மூக்குக்கு முன்னால், வெள்ளைப் பனியில் விளக்கு வைத்த மாதிரி மஞ்சள் பொட்டுப் பூக்கள்.

"திருடி. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றது முள்ளம்பன்றி.

முயல் திகைத்துப்போய் எழுந்தது. "நீங்க கொடுத்ததுதானே அண்ணே? உங்களைக் கூட்டிவந்து காட்டணும்னுதான் கிளம்பிட்டிருந்தேன்."

"நான் கொடுத்தது ஒற்றைப் பொட்டு."

"ஒற்றைப் பொட்டுதான், நிறம்தான் மஞ்சள்" என்றது குரங்கு. "நானும் கூடத்தானே இருந்தேன்? உங்க கையாலதான் பெயர்த்தீங்க. முழுசா எடுத்துக்கோன்னு நீங்கதான் சொன்னீங்க. வழியில நிக்காதேன்னு விரட்டினதும் நீங்கதான். அவ வேகவேகமா நடந்து, நான்தான் மூச்சு வாங்கினேன்."

முள்ளம்பன்றி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தது. முயலுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மண்ணை மெல்லக் கிளறி, பூவும் இலையுமாகத் தூரில் பாதியைப் பிரித்து எடுத்து நீட்டியது.

"இந்தாங்க அண்ணே, எடுத்துக்கோங்க. உங்ககிட்டயும் இருக்கட்டும், எங்கிட்டயும் இருக்கட்டும். ஒரு இடத்துல பட்டுப்போனாலும் இன்னொரு இடத்துல பிழைச்சுக்கும்."

மஞ்சள் பூக்கள் முள்ளம்பன்றியின் மூக்குக்குக் கீழே ஆடின. அது கையை நீட்டப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டது. கண்ணை இடுக்கி முயலைப் பார்த்தது.

"கேட்காமலே கொடுக்கறியே, ஏன்?"

"ஏன்னா என்ன அண்ணே சொல்றது? உங்களுது."

"இவ்வளவு லேசா இதைக் கொடுக்கறேன்னா, இதைவிட நல்லது ஒண்ணை எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கே."

"ஐயோ, இல்லவே இல்லை அண்ணே."

"பார்த்தியா, அவசர அவசரமா இல்லேங்கறே. எனக்கு இது வேண்டாம்."

குரங்கு முயலைப் பார்த்தது. முயல் குரங்கைப் பார்த்தது. "அண்ணே வேண்டாம்னா எனக்குக் கொடு தாயே, புண்ணியமாப் போகும்" என்று குரங்கு தூரை வாங்கிக்கொண்டு தாவிப் போனது. முயல் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, வளைக்குள் போனது.

முள்ளம்பன்றி மட்டும் நின்றது. யாரும் இல்லை என்று உறுதியானதும், மீதி மஞ்சள் பூக்களை மிதிக்காமல் தாண்டி, முயலின் தோட்டத்தை மூலைக்கு மூலை முகர்ந்து தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. "எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ஒளிச்சிருக்கா" என்று முணுமுணுத்தபடி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பனியில் நடந்து போனது.

நீதி: எல்லாரையும் சந்தேகிப்பவன் தன் பொருளைத் தன் கண்ணுக்கே தெரியாமல் ஒளித்துவிடுவான், அது தேடி வந்தாலும் அவனுக்கு வாங்கிக்கொள்ள மனம் வராது.