நியூ போடக் கூடாது

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் மூன்றாவது மாடியில் மூன்று பேர் கொண்ட ஒரு டீம் இருந்தது. லீடர் செங்கோடன், அடுத்து இன்பராஜ், அப்புறம் ஷகிலா. மூவரும் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். கம்பெனிக்கு அதுதான் பெரிய தலைவலி.

அவர்களிடம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் புரோகிராம் வந்து சேர்ந்தது. அது ஒரு பழைய கன்டெய்னரில் குடியிருந்தது. கன்டெய்னர் என்றால், பீன் என்று பெயர் கொண்ட சின்னச் சின்னப் புரோகிராம்களுக்கு இடம் கொடுத்துக் காக்கும் பெரிய புரோகிராம். அதோடு ஒரு புது ஃபிரேம்வொர்க்கை இணைக்க வேண்டும். எந்த பீனுக்கு எது தேவையோ அதைக் கொண்டுவந்து கொடுப்பது ஃபிரேம்வொர்க்கின் வேலை. அப்படிக் கொடுப்பதற்குத்தான் இன்ஜெக்‌ஷன் என்று பெயர்.

மேனேஜர் ரேணுகா ஊருக்குப் போகும் முன் கண்டிப்பாகச் சொன்னார். "பீன் எதுவும் தனக்கு வேண்டியதைத் தானா எடுத்துக்கக் கூடாது. வெளியில இருந்துதான் வரணும். புரோகிராம்ல 'நியூ'ன்னு எழுதினா பீன் தானாவே புதுசா ஒண்ணை உண்டாக்கிக்கும். அதனால எங்கயும் 'நியூ' போடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வர்றாங்க. ஓடலைன்னா டீமைக் கலைச்சிருவேன்."

மூவரும் ஆடிப்போனார்கள். அந்தக் கட்டடத்தில் அவர்களோடு சேர்ந்து சாப்பிட வேறு யாரும் உட்கார மாட்டார்கள். டீம் கலைந்தால் மூன்று மூலையில் மூன்று டிபன் பாக்ஸ். நினைக்கவே அழுகை வந்தது.

"பீனுக்கு ஒரு சட்டம், அதை எழுதற நமக்கு ஒரு சட்டமா? நாமளும் அப்படியே நடக்கோணும்" என்றார் செங்கோடன்.

அந்த நிமிடத்திலிருந்து யாரும் எதையும் தானாக எடுக்கவில்லை. இன்பராஜின் முழங்கைக்குப் பக்கத்திலேயே காபி இருந்தது. அதை முறைத்துப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஷகிலாவுக்கு மனசு கேட்கவில்லை. தானே ஃபிரேம்வொர்க்காக இருப்பதாகச் சொல்லி, மருந்துக்கடையிலிருந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றை வாங்கி வந்தார்.

"இன்ஜெக்‌ஷனை எப்பங்ணா போடறது? புத்தகத்துல ரெண்டு வழி இருக்கு. பீன் பிறக்கும்போதே கொடுக்கறது ஒண்ணு, பிறந்த அப்புறம் கொடுக்கறது ஒண்ணு."

செங்கோடன் கண்ணை மூடி யோசித்தார். "இன்பராஜ் எப்பப் பிறந்தாப்ல?"

"தொண்ணூத்தி மூணுலங்ணா."

"அப்ப முதல் வழி கைவிட்டுப் போச்சு. ரெண்டாவதையே வெச்சுக்கலாம்."

ஷகிலா காபியைச் சிரிஞ்சில் உறிஞ்சி இன்பராஜின் வாயில் பீய்ச்சினார். கொஞ்சம் மூக்கிலும் போனது. முதல் இன்ஜெக்‌ஷன் வெற்றி என்று செங்கோடன் ரிப்போர்ட் எழுதினார்.

அடுத்தது நியூ. புரோகிராம் முழுக்கத் தேடித் தேடி இன்பராஜ் அதை அழித்தார். 'நியூஸ்' என்ற பக்கத்தில் 'ஸ்' மட்டும் மிஞ்சியது. ஆபீசுக்கு வந்த புதுத் துடைப்பத்தையும் ஷகிலா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ரேணுகா ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். திரையில் 'பார்ன் வார்டு' என்று இருந்தது.

"நியூபார்ன் வார்டுல நியூ எங்கே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"போடக் கூடாதுன்னு உத்தரவுங்க டாக்டர்" என்றார் செங்கோடன் பணிவாக. "இனிமேல் பழைய குழந்தைகதான் பிறக்கும்."

டாக்டரம்மா அந்த வார்டை அழுத்திப் பார்த்தார். திறக்கவில்லை.

"ஃபிரேம்வொர்க் வரட்டும்னு கன்டெய்னர் நிக்குதுங்க. கன்டெய்னர் வரட்டும்னு ஃபிரேம்வொர்க் நிக்குது. முதல்ல இணைச்சப்ப ரெண்டுக்கும் ஒரே சண்டை. இப்ப 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னு என்ன மரியாதை பாருங்க!" என்றார் இன்பராஜ். அவர் கண் கலங்கியிருந்தது.

டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரேணுகாவின் முகம் சிவந்தது. "டீம் கலைஞ்சாச்சு! திங்கக்கிழமை இங்க ஒரு நியூ டீம் போடறேன்!"

செங்கோடன் பதறி எழுந்தார். "ஐயோ மேடம், நீங்களே சொல்லிட்டு நீங்களே மறக்கலாமுங்களா? நியூ போடக் கூடாதுங்க!"

ரேணுகா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

ஷகிலா அதைப் பார்த்தார். ஓடிப்போய் சிரிஞ்சில் காபியை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"பாவம், மேடமும் பீன்தான் போல. இன்பராஜண்ணா, தலையைக் கொஞ்சம் பிடிங்க."