மூணு தலையும் ஒரு பானையும்

ஒரு கடலோரத்துல ஒரு ஊர். நம்ம கடல் இல்ல, ரோமாபுரி ராஜா ஆண்ட கடல். ஊர்னா பெரிசா நினைச்சுக்காத. நாப்பது குடிசை, மீனை உப்புல ஊறப்போடுற எட்டுத் தொட்டி, ஒரு கிணறு. கிணத்துத் தண்ணியும் உப்பு.

"ம்."

அங்க இமில்கோன்னு ஒரு கல்தச்சன். அவன் பொண்டாட்டி அரிசத். வயித்துல பிள்ளையோட, தினம் மலை ஏறி இறங்கி, இடுப்புப் பானையில சளக் சளக்னு நல்ல தண்ணி கொண்டுவருவா. "பிள்ளை பிறக்கிறதுக்குள்ள தண்ணி ஊருக்கே வந்துருமாய்யா?"ன்னு புருஷனைக் கேப்பா. அவன் உளியைத் தீட்டுவான்.

அப்போ ஊர்த்தலைவர் ரொகாத்து ஓடிவந்தார். "இமில்கோ! ராஜாவுக்குச் சிலை வச்சா நம்ம ஊரை நகரம்னு எழுதிருவாங்களாம். நகரமானா மலையிலேருந்து கால்வாய் கட்டித் தருவாங்களாம். அதிகாரி கிளம்பிட்டார். செதுக்குடா!"

டொக், டொக், டொக். வழுக்கைத் தலையோட ராஜா நின்னார். அப்புறம் ஒரு கப்பல் வந்துச்சு. மாலுமி சிலையைப் பார்த்துச் சிரிச்சான். "இவரைக் கொன்னு ரெண்டு மாசமாச்சே!"

"யாரு கொன்னா?"

அடுத்து ராஜா ஆனவர்தான், கண்ணு. வேற யாருக்கு அவ்வளவு அக்கறை?

இமில்கோ யோசிச்சான். எந்த ராஜாவா இருந்தா என்ன, உடம்பு ஒண்ணுதான். கழுத்தை அறுத்து, அங்க ஒரு குழி தோண்டி, சுருட்டைமுடித் தலை ஒண்ணைச் சொருகினான். ரெண்டாவது கப்பல் வந்துச்சு. சுருட்டைமுடியும் போயிட்டாராம். அப்புறம் தாடை தொங்குற தலை. மூணாவது கப்பல் வந்துச்சு. அவரும் போயிட்டார். "இப்போ யாருய்யா ராஜா?" "நான் கிளம்பும்போது சண்டை முடியல!"

மூணு தலையையும் அரிசத் உருட்டிட்டுப் போய் மீன்தொட்டியில பாரமா வச்சா. தொபுக், தொபுக், தொபுக்.

"ம்..."

அப்போதான் அதிகாரி கப்பல் தெரிஞ்சுது. "தலையை வைடா!"ன்னு ரொகாத்து அலறினார். "எந்தத் தலையை?"ன்னான் இமில்கோ. தப்பான தலை வச்சா ஊரே ராஜத்துரோகி.

அப்போ அரிசத் மலையிலேருந்து வந்தா. அரைநாள் சுமந்த தண்ணியைக் கொட்டினா. பானையைக் கழுத்துக்குழியில கவுத்தா. மேல ஒரு துணியைப் போட்டா.

அதிகாரி வந்தார். அஞ்சு மாசமா கப்பல்லயே இருந்து, குமட்டி மூஞ்சியெல்லாம் பச்சை. "எதுக்குத் துணி?"

"நீங்கதான் திறந்து, ராஜா பேரைச் சொல்லி வணங்கணும். அதானே முறை?"ன்னா அரிசத்.

"பேரா?" அதிகாரிக்கு வேர்த்துச்சு. ரொகாத்து காதுல ரகசியமாக் கேட்டார்: "நீங்க கடைசியா என்ன கேள்விப்பட்டீங்க?"

"நீங்க?"

ரெண்டு பேரும் துணியைப் பார்த்தாங்க.

"திறக்க வேண்டாம்"னார் அதிகாரி. "கடல்காத்து ராஜாவுக்கு ஆகாது." குனிஞ்சு கும்பிட்டு, ஊரை நகரம்னு எழுதி, டப்புனு முத்திரை குத்தினார்.

அவர் போனதும் அரிசத் பானையைக் கேட்டா. "பானையா? அது ராஜா!"ன்னார் ரொகாத்து. அவ வேற பானை எடுத்துக்கிட்டு மலை ஏறினா.

நகரமாச்சு. குளிக்கிறதுக்கு மண்டபம், கூத்துக்கு அரங்கம், நாலு பக்கமும் வாசல் எல்லாம் வந்துச்சு. தண்ணி கடைசியாத்தான் வந்துச்சு. அதுக்குள்ள வயித்துல இருந்த பிள்ளை பிறந்து, வளர்ந்து, தானும் ஒரு பானை தூக்க ஆரம்பிச்சிருச்சு.

தண்ணி வந்த அன்னிக்கு ஊரே சிலைக்கு மாலை போட்டுச்சு. "அம்மா, இவரா நமக்குத் தண்ணி கொண்டுவந்தார்?"னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு.

அரிசத் துணியை அண்ணாந்து பார்த்தா. "ஆமாடி. இதுக்கு முன்னாடியும் இவர்தான் கொண்டுவந்தார்."

...ம் சொல்லக் காணோமே. சரி. ஊர் எழும்பிருச்சு, கதை படுத்திருச்சு, நீயும் தூங்கு.