பந்தாகச் சுருண்ட குண்டுமணி

மலைக்காட்டு அழுங்குக் குடும்பம் ஒன்று கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் புறப்பட்டது. அப்பா செதிலப்பன், அம்மா பூவரசி, ஒரே மகன் குண்டுமணி. அழுங்குக்கு உடம்பெல்லாம் ஓடு போலச் செதில். பல் கிடையாது; எறும்புதான் சாப்பாடு. சண்டை போடவும் தெரியாது. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் நுழைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். அதன் வீரம் அவ்வளவுதான்.

செதிலப்பன் கடல் பார்க்கும் ஆசையில் கிளம்பவில்லை. பக்கத்து வளை முள்ளம்பன்றியின் மகன் போன கோடையில் அங்கே சர்க்கஸில் வளையம் தாண்டினானாம். மழைக்காலம் முழுக்க அதே பெருமை, அதே பேச்சு. கேட்டுக் கேட்டுச் செதிலப்பனுக்கு வயிறு எரிந்தது.

கடற்கரையில் அவை தங்கிய ரிசார்ட்டை நடத்தியது சலங்கையன் என்ற நீர்நாய். அதன் பேச்சில் தேன் ஒழுகும்.

"வாங்க அண்ணாச்சி! காலையில வனவிலங்கு பார்க்கலாம். சாயங்காலம் பிள்ளைங்களுக்கு சர்க்கஸ் பயிற்சி!"

வனவிலங்கு என்று அது சொன்னது மனிதர்களை. வெயிலில் தோல் உரியக் கிடந்த அவர்களை எல்லா விலங்குக் குடும்பங்களும் தாழம்புதர் மறைவிலிருந்து பார்த்தன. "கிட்டப் போகாதீங்க! தீனி போடாதீங்க!" என்று சலங்கையன் அதட்டியது. குண்டுமணி விழுந்து விழுந்து சிரித்தது.

சாயங்காலம் மணல்மேட்டில் பயிற்சி தொடங்கியது. தம்பட்டம் 'டம்' என்று அதிர்ந்தது. அவ்வளவுதான், குண்டுமணி சுருண்டுவிட்டது!

சலங்கையன் சும்மா இருக்குமா? பந்தை மூக்கால் உருட்டியது. மேலே எறிந்து பிடித்தது. கீரிகளும் கொக்குகளும் கைதட்டி ஆர்ப்பரித்தன.

"என் மகன்! அவன் என் மகன்!" என்று செதிலப்பன் துள்ளியது.

பூவரசி அதன் வாலைப் பிடித்து இழுத்தது. "ஏங்க, பிள்ளை பயந்துல்ல சுருண்டிருக்கான்!"

"நீ சும்மா இரு! நம்ம வம்சத்துல மேடை ஏறுன முதல் ஆளு அவன்தான்!"

இரவு சாப்பாட்டில் குண்டுமணி ஓர் எறும்பைக்கூட நக்கவில்லை.

"நாளைக்கு வேணாம்ப்பா."

"சீ! நீ சிங்கக்குட்டிடா!"

"நான் அழுங்குக்குட்டிப்பா."

செதிலப்பன் காதில் இது ஏறவில்லை. முள்ளம்பன்றியிடம் போய் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அது மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரிய ஆட்டம். கடற்கரையே கூடிவிட்டது. தம்பட்டம் அடித்ததும் குண்டுமணி சுருண்டது. சலங்கையன் நேற்றைவிட உயரமாக எறிந்தது. எறிந்தது சரி, பிடிக்கத் தவறிவிட்டது! பந்து மேட்டிலிருந்து உருண்டது. ஓர் அலை வந்து அதை வாரிக்கொண்டு போனது.

உடம்பை நீட்டினால் அழுங்கு நன்றாக நீந்தும். சுருண்டே கிடந்தால் மூழ்கிப்போகும். ஆனால் கூட்டத்துக்கு என்ன தெரியும்? இதுவும் ஒரு வித்தை என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டியது. சத்தம் கூடக் கூடப் பந்து இறுகியது.

செதிலப்பனும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. பந்து ஒருமுறை முங்கி எழுந்தபோதுதான் அதன் கை நின்றது.

"தட்டாதீங்க! ஐயோ, தட்டாதீங்க!"

கூட்டம் இதையும் கோமாளித்தனம் என்று எண்ணிச் சிரித்தது. செதிலப்பன் கடலை நோக்கி ஓடியது. இரைச்சலைக் கேட்டு அதன் முதுகும் வளைந்தது. தலை தானாக வயிற்றைத் தேடியது. பல்லில்லாத வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு, நிமிர்ந்து, அலைக்குள் பாய்ந்தது. உயிரே போகும் போல அதற்குப் பயமாக இருந்தது.

பந்தை எட்டிப் பிடித்து வயிற்றோடு அணைத்தது.

"குண்டுமணி! அப்பாதான்டா! வெளியே வா சாமி!"

அணைப்பின் சூடு பட்டதும் செதில்கள் மெல்லத் தளர்ந்தன. சின்ன மூக்கு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டும் நீந்திக் கரையேறின.

சலங்கையன் ஓடி வந்தது. "பிரமாதம் அண்ணாச்சி! நாளைக்கு அப்பனும் மகனுமா ஒரு ஆட்டம் போட்டுடலாமா?"

"எங்க வீட்டு ஆட்டம் முடிஞ்சுது. வழிய விடு!" என்று சொல்லிப் பூவரசி மகனை முதுகில் ஏற்றிக்கொண்டது.

மலையடிவாரம் வந்ததும் குண்டுமணி மெல்லக் கேட்டது.

"அப்பா, கொக்குக்கும் கீரிக்கும் தெரியாது. நாம எப்பச் சுருளுவோம்னு உனக்குமா தெரியாது?"



ஊர் மெச்ச வேண்டும் என்று அலைகிறவனுக்குப் பெற்ற பிள்ளையின் பயமும் திறமையாகத்தான் தெரியும்.