யாருக்குப் பார்சல்?

திருநெல்வேலி இரவுச் சந்தையில் செண்பகவடிவு மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். பட்டுத்துண்டு போட்ட பெரிய மனுஷர் ஒருவர் எதிரே வந்து நின்றார். வளையல் வாங்க வந்த கூட்டம் அவர் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் போனது.

“உன் பஜ்ஜி என்னை அழ வைக்கணும். இல்லைன்னா நீ என்கூட வரணும். இதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிச்சதில்ல,” என்று மீசையை முறுக்கினார்.

அவள் இருந்ததிலேயே காரமான மிளகாய்களில் பஜ்ஜி பொரித்து நீட்டினாள். அத்தனையையும் விழுங்கிவிட்டுச் சிரித்தார். அந்த மூச்சுக் குளிரில் அடுப்பே அணைந்தது. சில்லிட்ட கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

“வாரேன்யா,” என்றவள் மறு கையால் வாழையிலையை எடுத்தாள். “வீட்டுல யாருக்குப் பார்சல் கட்டணும்?”

“மகளுக்கு…” என்று பழக்கத்தில் சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கண்கள் நிறைந்து வழிந்தன. பிடி தளர்ந்தது.

“அழுதுட்டீங்களேய்யா,” என்றாள் அவள் மெதுவாக.

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அவர் கூட்டத்துக்குள் கரைந்துபோனார்.