ஞானப்பூ அம்மாள் கொடுத்த வாக்கு

ஊருக்கு வெளியே, உடைமரக் காட்டை ஒட்டி இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் கட்டுத் துணி துவைக்கும் வேலை ஞானப்பூ அம்மாளுக்கு. விடிந்ததும் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் துணிகளை வேகவைப்பார். துணி கொதிக்கிற நேரம்தான் அவருடைய ஜெப நேரம். முழங்காலில் நின்று, அங்கிருந்த பதினான்கு பேரையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார். பிறகு எழுந்து போய் அவர்கள் கால்களைக் கழுவி மருந்து கட்டுவார்.

அவருடைய கணவர் யேசுவடியான் அந்த இல்லத்தில்தான் கண்ணை மூடினார். அன்று கட்டிலருகே நின்று, "ஆண்டவரே, இவரப் பாத்துக்கிட்ட மாதிரியே இங்க உள்ளவங்களயும் கடைசி வரைக்கும் பாத்துக்கிடுதேன்" என்று அம்மாள் வாக்குக் கொடுத்தார். இருபது ஆண்டுகள் ஆகியும் அதிலிருந்து விலகவில்லை.

ஊர் அவரை ஒதுக்கியது. ஞாயிறு ஆராதனையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்வார்கள். "கால நீட்டி உக்கார எடம் கெடச்சுதே" என்று அம்மாள் சிரித்துக்கொள்வார்.

ஒரே மகன் தேவசித்தத்துக்குப் பெண் அமைந்தது. பெண்ணின் தகப்பனார் ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளையின் தாய் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கல்யாணத்துக்கு வரக் கூடாது.

"எனக்காக விட்டுருங்கம்மா. வேற யாராவது பாக்கட்டும்" என்று மகன் கெஞ்சினான்.

"யாரும் வரலியேய்யா. ரெண்டு நாள் நான் காய்ச்சல்ல படுத்ததுக்கே மாசிலாமணி அண்ணனுக்குக் கால்ல புழு வச்சிட்டு. ஆண்டவர்ட்ட சொன்ன சொல்ல எப்படி மாத்துவேன்? நீ சந்தோசமா கல்யாணத்த முடி, மக்கா."

மகன் வெளியேறினான்.

திருமணத்தன்று கோயில் மணியோசை காட்டைத் தாண்டிக் கேட்டது. முதியவர் மாசிலாமணியின் காலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாளின் கண்ணீர் வாளித் தண்ணீரில் விழுந்தது. விரலற்ற கையால் அவர் அம்மாளின் தலையைத் தடவினார்.

"அழாத தாயி. இங்கயும் கல்யாணச் சாப்பாடு உண்டு."

எல்லோரும் தங்கள் பங்கு அரிசியையும் கருப்பட்டியையும் சேர்த்துப் பாயசம் காய்ச்சியிருந்தார்கள்.

பந்தி தொடங்கும் வேளையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மணப்பெண் கிருபாமணி பட்டுச் சேலையோடு இறங்கினாள். பின்னால் தலைகுனிந்தபடி தேவசித்தம்.

"கோயில்ல ஒங்களத் தேடினேன், அத்த. எங்க அப்பா ஒங்கள வரக் கூடாதுன்னு சொன்னது இப்பதான் எனக்குத் தெரியும். ஒங்க ஆசீர்வாதம் இல்லாம நான் எந்த வீட்டுக்குப் போவேன்?"

சொல்லிவிட்டு, மாசிலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு எல போடுங்க" என்றாள்.

தேவசித்தம் தாயின் காலில் விழுந்தான். எழுந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்பா படுத்திருந்த எடம் எதும்மா?"

மகனுக்கு அந்தக் கட்டிலைக் காட்டிவிட்டு, அம்மாள் தனியே துணி அறைக்குள் போய் முழங்காலிட்டார். தலைமேல் ஒரு கை அமர்ந்ததை உணர்ந்தார். "மகளே, எல்லா நாளும் உன்னோடு இருந்தேன்" என்ற சொல் உள்ளே தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தார், யாருமில்லை.

இதை அம்மாள் மாசிலாமணியிடம் மட்டும் சொன்னார். மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல வேலைக்கு வந்தார். தம் ஆயுள் முடியும்வரை வந்தார். சொன்ன சொல்லில் இப்படி நிலைத்து நின்ற அந்தத் தாயை நினைக்கும்போதே நம் மனமும் சற்று நேராகிறது.